தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம்: யார் காசில் ஓடுகிறது?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னையில் 'செத்த காலேஜ்' என்று பெயர். விலங்குக் காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. கிண்டலாக வைத்த பெயர்கள்தான், ஆனால் ரொம்பச் சரியான பெயர்கள். சின்ன வயதில் அங்கே போனபோது அந்தத் திமிங்கல எலும்புக்கூட்டை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எலும்பு சொரசொரப்பாக இருக்குமா, வழவழப்பாக இருக்குமா? தொட்டால் திட்டு விழும். வரிசையாகப் போனோம், வரிசையாகத் திரும்பினோம். விடை இன்றுவரை தெரியாது.

அந்தக் கேள்விக்கு 'தொட்டுத்தான் பாரேன்' என்று பதில் சொல்லும் இடம்தான் குழந்தைகள் அருங்காட்சியகம். அமெரிக்காவில் இருக்கும் மகனோடோ மகளோடோ ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் தாத்தா பாட்டிகளில் பலர் ஒரு சனிக்கிழமையாவது இங்கே போயிருப்பார்கள். 'மியூசியம்னு கூட்டிட்டுப் போனாங்க, ஒரே கூச்சல்' என்று வந்து சொல்வார்கள். கூச்சல் உண்மைதான். அந்தக் கூச்சல் எதற்கு, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள், ஊர்க்காரர்களோடு உறவு வைத்துக்கொள்வதில் இந்த இடங்கள் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதைப் பார்க்கலாம். மூன்றும் ஒரே நூலில் கோத்தவை.

முதலில், உள்ளே என்ன இருக்கும்? இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சின்ன அணைகள், மதகுகள், மிதக்கும் பந்துகள். இன்னொரு பக்கம் கப்பிகள் மாட்டிய நாற்காலி. கயிற்றை இழுத்து உங்களையே நீங்கள் மேலே தூக்கிக்கொள்ளலாம். கப்பி கூடக் கூட இழுப்பது லேசாகும், ஆனால் இழுக்க வேண்டிய கயிறு நீளும். அதை யாரும் பாடமாக நடத்த மாட்டார்கள், கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு குட்டி மளிகைக் கடை: தட்டில் பிளாஸ்டிக் தக்காளி, கல்லாவில் நாலு வயது முதலாளி, வாடிக்கையாளராக அவன் அப்பா. நம் ஊர்ச் சொப்பு விளையாட்டுதான், மரச்சொப்புக்குப் பதில் ஒரு முழுக் கடை.

வழக்கமான அருங்காட்சியகம் பொருளிலிருந்து தொடங்குகிறது. நம்மிடம் ஒரு சிலை இருக்கிறது, அதை எப்படிக் காட்டலாம் என்பது அதன் கேள்வி. குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு முதலில் பிள்ளை. இந்த வயதுப் பிள்ளை எதைக் கண்டால் கை நீட்டும், அதன் கைக்கு எதைக் கொடுக்கலாம்? கையால் செய்து பார்த்தால்தான் மனதில் ஏறும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அதை ஒரு கல்வி முறையாகவே வளர்த்த மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயர் கொஞ்ச நேரத்தில் பிலடெல்பியாவிலும் வரும்.

உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் என்று சொல்லப்படுவது நியூயார்க் நகரின் புரூக்ளினில் 1899 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. பாஸ்டனில் 1913இல் ஒன்று. புரூக்ளினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மேரி ஸ்டூவர்ட் கேரி என்ற அம்மையார் 1925இல் இண்டியானாபொலிஸில் தொடங்கியது இன்று உலகிலேயே பெரியது. ஆனால் இன்று நாம் காணும் கூச்சல் வடிவத்துக்கு வழி போட்டவர் என்று நான் சொல்வது மைக்கேல் ஸ்பாக்கை. குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் மகன். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிறு வயதிலேயே சிரமப்பட்டவர். 1962இல் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்தவர், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தவற்றை வெளியே கொண்டுவந்தார். அன்றாடப் பொருள்களை வெட்டித் திறந்து 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று ஒரு காட்சி வைத்தார். எழுத்தை நம்பிப் படிக்க முடியாத ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, எழுத்தில்லாமலும் படிக்க ஓர் இடம் கட்டியது போல எனக்குத் தோன்றும்.

சரி, இங்கேதான் காசு விஷயம் தொடங்குகிறது.

தொட்டால் தேயும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளைக்கு 500 குழந்தைகள் வந்து, தண்ணீர்த் தொட்டியின் திருகை ஆளுக்குப் பத்துத் தடவை திருகினால் 5,000 திருகு. வீட்டுக் குழாயை அவ்வளவு தடவை திருக நமக்கு எத்தனை மாதம் ஆகும்? எழும்பூரில் கண்ணாடிக்குள் இருக்கும் செப்புச் சிலைக்குத் தேய்மானமே கிடையாது. இங்கே கயிறு அறுகிறது, கல்லாப்பெட்டியின் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, பிளாஸ்டிக் தக்காளி யாரோ ஒருவரின் பையில் வீட்டுக்குப் போய்விடுகிறது. கைக்குழந்தைகள் பகுதியில் எச்சில் பட்ட பொம்மைகளைப் போட ஒரு வாளி வைத்திருப்பார்கள். அதை எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்ப வைப்பதே ஒருவருடைய வேலை. கட்டடத்தின் பின்பக்கம் தச்சரும் எலக்ட்ரீஷியனும் இருக்கும் பட்டறை ஒன்று எப்போதும் இயங்க வேண்டும். பிராங்க் ஆப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்தப் பட்டறையையே பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தார். அணுகுண்டு ஆப்பன்ஹைமரின் தம்பிதான். உடைந்ததைச் சரிசெய்வதும் பார்க்க வேண்டிய காட்சிதான் என்பது அவர் கட்சி.

இத்தனை செலவையும் நுழைவுச்சீட்டு தாங்காதா? பொதுவாகத் தாங்காது. விலையை ஏற்றித் தாங்க வைக்கலாம்தான், ஆனால் அப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் விளையாடும் கூடமாகிவிடும். அந்த வேலைக்கு மால்களில் ஏற்கெனவே விளையாட்டுக் கூடங்கள் இருக்கின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. நூலகத்துக்கு ஆறு வயதில் வந்தவர் அறுபது வயதிலும் வருவார். குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு வருபவர் பத்து வயதானதும் 'இது சின்னப் பசங்க இடம்' என்று நின்றுவிடுவார். கூடவே அவருடைய அப்பா அம்மாவும் நின்றுவிடுவார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் கூட்டம் முழுசாக மாறிவிடும் கடையை நடத்துவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பணம் பல வாய்க்கால் வழியாக வர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள் அல்ல, லாப நோக்கில்லாத அமைப்புகள். கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு, நாம் 80ஜி ரசீது கேட்டு வாங்குவது மாதிரி. நுழைவுச்சீட்டு, குடும்பத்துக்கு ஓராண்டு உறுப்பினர் அட்டை, பிறந்தநாள் விழாவுக்கு அறை வாடகை, பெரியவர்களுக்கு மட்டும் நடத்தும் நன்கொடை விருந்து, அறக்கட்டளைகளின் மானியம், அரசு மானியம், கம்பெனிகளின் ஆதரவு எனப் பல. பிறந்தநாள் அறையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கேக்கும் பலூனும் ஒரு வார இறுதியில் பல கயிறுகளுக்கான காசைக் கொண்டுவந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதி. இது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுத்ததாக வரும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமலா இருக்கும்? மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும், நாள்தோறும் விளக்குக்கு நெய் வந்தால் போதும் என்பது ஏற்பாடு. இண்டியானாபொலிஸ் அருங்காட்சியகத்துக்கு லில்லி மருந்து நிறுவனக் குடும்பத்தின் கொடை வழியாக அப்படி ஒரு பெரிய மந்தை உண்டு. உலகிலேயே பெரியதாக அது வளர்ந்ததற்கு அந்த மந்தையும் முக்கியக் காரணம். பெரும்பாலான ஊர்களில் பத்து ஆடுகூடச் சேர்ந்திருக்காது. நெய்யை அவர்கள் ஆண்டுதோறும் வீடு வீடாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

மந்தை இல்லாமல் மாளிகை கட்டினால் என்னாகும் என்பதற்குப் பிலடெல்பியா உதாரணம். 'பிளீஸ் டச் மியூசியம்', அதாவது 'தயவுசெய்து தொடுங்கள்'. மாண்டிசோரி ஆசிரியையான போர்ஷியா ஸ்பெர் 1976இல் தொடங்கியது. முக்கியமாக ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கான இடம். வேறொரு அருங்காட்சியகத்தின் ஒரு மூலையில் ஆரம்பித்து, 2008இல் மெமோரியல் ஹால் என்ற பெரிய கட்டடத்துக்குக் குடிபோனார்கள். அது 1876இல் அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது. உள்ளே பொம்மைகளைக் கொண்டே செய்த, சுதந்திர தேவியின் கையும் தீபமும் 40 அடி உயரத்தில் நிற்கும். பார்க்க அமர்க்களமான இடம். கட்டடத்தைச் சீரமைக்கக் கடன் பத்திரங்கள் வழியாக வாங்கியது சுமார் 6 கோடி டாலர். குடிபோன அதே ஆண்டில் உலகப் பொருளாதாரம் விழுந்தது. எதிர்பார்த்த நன்கொடை வரவில்லை. கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் விளையாட வந்த கூட்டம் கடனை அடைக்காது. 2015 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகு 2016இல் மீண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அருங்காட்சியகம் திறந்தே இருந்தது. இன்றும் இருக்கிறது.

அரசு மானியத்தை மட்டும் நம்புவதிலும் இதே ஆபத்து. அமெரிக்காவில் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் மத்திய அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதைச் சுருக்கச் சொல்லி அதிபரின் ஆணை வந்தது. அடுத்த மாதமே பல இடங்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியம் ரத்து என்று கடிதம் போனது. மாநில அரசுகள் வழக்குப் போட்டன. வழக்கு நடக்கும்போதும் கயிறு அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் எதை நம்புவது? இங்கேதான் ஊர் வருகிறது. சமூகத்தோடு உறவு என்றால் பலர் விழா நாளில் கலைநிகழ்ச்சி வைப்பது என்று நினைக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு கோலம், சீனப் புத்தாண்டுக்கு ஒரு டிராகன். அது தப்பில்லை, ஆனால் அது வரவேற்பு மட்டுமே. 'இது எங்கள் இடம்' என்று அந்தத் தெருவே நினைப்பதுதான் உறவு. அதற்குப் புரூக்ளின் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

புரூக்ளின் அருங்காட்சியகம் பல ஆண்டுகளாகக் கிரவுன் ஹைட்ஸ் பகுதிப் பூங்காவில் பழைய மாளிகைகளில் நடந்துவந்தது. 1960களின் இறுதியில் அவை இனித் தாங்காது என்று இடிக்க வேண்டியதாயிற்று. புதுக் கட்டடம் வர ஆண்டுக்கணக்காகும். அதற்குள் அந்தப் பகுதியும் மாறியிருந்தது. கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் பெரும்பான்மையாகியிருந்தார்கள். அருங்காட்சியகம் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கவில்லை. 1968இல் பெட்ஃபோர்டு அவென்யூவில் ஒரு பழைய கார் விற்பனைக் கூடத்துக்குள் போய் 'மியூஸ்' என்ற பெயரில் கடை விரித்தது. குழந்தைகளோடு விடலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தார்கள். வகுப்புகள், பயிற்சிப் பட்டறைகள், இசை. பிறகு 'நியூ மியூஸ்' என்று அது தனியொரு சமூக அருங்காட்சியகமாகவே நடந்தது. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த பாஸ் கலைஞர் ரெஜி வொர்க்மன் அங்கே ஜாஸ் சொல்லிக்கொடுத்தார். மாளிகைக்கு வரத் தயங்கியிருக்கக்கூடிய ஒருவர், கார் ஷோரூமுக்குள் தயங்காமல் நுழைவார். கட்டடம் போனது நல்லதாய்ப் போயிற்று என்றே சொல்வேன்.

1977இல் பூங்காவில் புதுக் கட்டடம் வந்தது. பாதி நிலத்துக்கு அடியில். பழைய சுரங்க ரயில் வாசல் ஒன்றைக் கொண்டுவந்து நுழைவாயிலாக வைத்து, உள்ளே பெரிய சாக்கடைக் குழாய் போன்ற நெளி இரும்புக் குழாய் வழியாக, பக்கத்தில் தண்ணீர் ஓட, பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். 2008இல் ரஃபேல் வின்யோலியின் வடிவமைப்பில் மஞ்சள் ஓடுகள் பதித்த இன்றைய தோற்றம் கிடைத்தது.

ஆனால் உறவுக்குச் சோதனை வந்தது 1991 ஆகஸ்டில். கிரவுன் ஹைட்ஸில் கறுப்பின மக்களுக்கும் ஹசிடிக் என்ற ஆசாரமான பிரிவைச் சேர்ந்த யூதர்களுக்கும் இடையே மூன்று நாள் கலவரம். இரு பக்கப் பிள்ளைகளும் வரும் அருங்காட்சியகம் என்ன செய்யும்? அடுத்த சில ஆண்டுகளில் புரூக்ளின் வரலாற்றுச் சங்கத்தோடும், வீக்ஸ்வில் என்ற பழைய கறுப்பினக் குடியிருப்பின் வரலாற்றைக் காக்கும் சங்கத்தோடும் சேர்ந்து அந்தப் பகுதியின் வரலாற்றையே காட்சியாக்கும் திட்டத்தில் இறங்கியது. கலவரத்தை ஒரு காட்சி தீர்த்துவிடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெரு எரிந்தபோது தண்ணீர்த் தொட்டியை மட்டும் துடைத்துக்கொண்டு இருக்கவில்லை என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மற்ற ஊர்களில் உறவு வேறு வேறு உருவத்தில் வந்தது. இண்டியானாபொலிஸில் நகர நூலகத்தின் ஒரு கிளை அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்டனில், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் தூக்கிப்போடும் வெட்டுத் துண்டுகள், நுரைத் துண்டுகள், மூடிகளைச் சேகரித்து ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பை நிறைய மலிவாக விற்றார்கள். தொழிற்சாலைக்குக் குப்பை போன நிம்மதி, ஆசிரியருக்கு வகுப்புக்குச் சாமான். அதே பாஸ்டனுக்கு, ஜப்பானின் கியோட்டோ நகரம் 1979இல் ஒரு பட்டு வணிகரின் பழைய வீட்டையே கொடுத்தது. இரண்டும் சகோதர நகரங்கள். தச்சர்கள் கியோட்டோவிலிருந்து வந்து கட்டையைக் கட்டையோடு கோத்து உள்ளே மீண்டும் நிறுத்தினார்கள். அதற்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாசலைத் திறப்பதும் உறவில் சேர்த்திதான். 2014இல் தொடங்கிய 'மியூசியம்ஸ் ஃபார் ஆல்' திட்டத்தில், அரசின் உணவு உதவி அட்டையைக் காட்டும் குடும்பம் இலவசமாகவோ ஆளுக்கு அதிகபட்சம் 3 டாலருக்கோ உள்ளே போகலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் இதில் இருக்கின்றன. நம் ஊர் ரேஷன் அட்டையை நீட்டி உள்ளே போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, தனி விண்ணப்பமோ வருமானச் சான்றோ கேட்காதது. வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அது என்ன அட்டை என்றே தெரியாது.

இதெல்லாம் ஆதரவு கேட்கும்போது கை கொடுக்கிறது. 'எங்களுக்குப் பணம் வேண்டும்' என்று கேட்பவரை ஊர் ஒருமுறை பார்க்கும். தண்ணீர்த் தொட்டிக்கு இந்த ஆண்டு புது மோட்டார் வேண்டும், விலை இவ்வளவு, உங்கள் பள்ளிப் பிள்ளைகள் சென்ற ஆண்டு இத்தனை தடவை வந்தார்கள் என்று கேட்பவரை உட்கார வைத்துப் பேசும். பணம்தான் வேண்டும் என்றும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மின்பணியாளர் வாரத்தில் ஒரு காலை வந்தால் பட்டறைக்குப் பாதிச் சம்பளம் மிச்சம். மரக்கடைக்காரர் தரும் பலகை, பல் மருத்துவர் தரும் பெரிய பல் பொம்மை, பாட்டி ஒருவர் தைத்துக் கொடுக்கும் தீயணைப்பு வீரர் சட்டைகள். 'ஒரு செங்கல் வாங்குங்கள், பெயர் பொறிக்கிறோம்' என்பதும் உண்டு. நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் இருக்குமே, அந்தப் பழக்கத்தின் தூரத்து உறவு.

ஒரே இடத்தில்தான் எனக்கு உறுத்தல். குட்டி மளிகைக் கடைக்குப் பணம் கொடுக்கும் சூப்பர்மார்க்கெட்டின் பெயர்ப்பலகை அப்படியே உள்ளே தொங்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் விளம்பரமும் பிரித்துத் தெரியாது. கொடுத்தவர் பெயரைப் பெரியவர்கள் பார்க்கும் வாசல் சுவரில் எழுதலாம், பிள்ளையின் கண் உயரத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் கயிறு வாங்கக் காசில்லாத ஓர் இயக்குநரிடம் இதைச் சொல்ல எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கும்.

புதிதாக ஒன்று தொடங்க நினைக்கும் ஊர்களில் பலவற்றுக்கு முதலில் கட்டடமே கிடையாது. ஒரு வேனில் தண்ணீர்த் தொட்டியையும் மரக்கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வாரச் சந்தைக்கும் நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போவார்கள். இரண்டு மூன்று ஆண்டு இப்படிச் சுற்றினால் எந்தத் தெருவில் கூட்டம் சேர்கிறது, யார் சாமான் தூக்க வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பிறகு காலியான கடை ஒன்றை வாடகைக்குப் பிடிப்பார்கள்.

நீங்கள் அங்கே போகிற மாதிரி இருந்தால் ஒரு உபயோகமான தகவல்: அமெரிக்காவில் பல ஊர் நூலகங்கள், புத்தகம் கொடுப்பது போலவே அருங்காட்சியகச் சலுகைச் சீட்டையும் இரவல் கொடுக்கின்றன. பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் இது சாதாரணம். முதலில் நூலகத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளே போனதும் பேரப்பிள்ளை ஓடிவிடும். நீங்கள் வாசல் சுவரில் இருக்கும் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். பெரிய கம்பெனிகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில், அந்தத் தெருக்காரர்கள் இருப்பார்கள்.